பெயர் மறைப்பு: இதழியல் நடத்தை விதிகளின் அறக்கோட்பாட்டு அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரது பெயரைச் செய்தியில் வெளியிடுவதா, மறைப்பதா என்பது இதழாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் அறவினா. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர், சிறார், கலவரத்தில் சிக்கிய சமூகப் பிரிவினர், நம்பிக்கையின் பேரில் செய்தி தந்தோர் ஆகிய நால்வகையினரின் அடையாளத்தையும் காக்குமாறு இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை விதிகள் அறிவுறுத்துகின்றன. மேலோட்டமாக நோக்கின் இவை ஒரே விதியின் நான்கு வடிவங்களாகத் தோன்றும். ஆயினும் ஒவ்வொன்றும் வெவ்வேறு அறக்கோட்பாட்டைச் சார்ந்து நிற்கிறது. விதியை அறிந்து அதன் அடிப்படையை அறியாத இதழாளர், மறைக்க வேண்டாத இடத்தில் மறைக்கவும் மறைக்க வேண்டிய இடத்தில் வெளிப்படுத்தவும் நேர்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பெயரைத் தவிர்த்தும் அடையாளத்தை வெளிப்படுத்திவிடும் தமிழ்ச் செய்திநடையின் இயல்பும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இதழியல் அறம், நடத்தை விதிகள், கடமைக் கோட்பாடு, விளைவுக் கோட்பாடு, பரிவுக் கோட்பாடு, பெயர் சுட்டாமை, செய்திநடை.

முன்னுரை

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கு விடை தருவதே செய்தி என்பது இதழியலின் பாலபாடம். அவற்றுள் முதலாவதாக நிற்பது 'யார்' என்பது. பெயரில்லாத செய்தி நம்பகத்தன்மை குறைந்தது. பெயருள்ள செய்தியே சரிபார்க்கத்தக்கது. எனவே பெயரை வெளியிடுதல் இதழியலின் பொதுவிதி. பெயர் மறைப்பு அதற்குரிய புறனடை. புறனடைகள் எப்போதும் காரணம் வேண்டி நிற்பவை. அக்காரணங்கள் யாவை, அவை எந்த அறக்கோட்பாடுகளிலிருந்து பிறக்கின்றன, அவை தம்முள் முரணும்போது இதழாளர் எவ்வாறு முடிவெடுக்கலாம் என்பனவே இக்கட்டுரையின் ஆய்வு வினாக்கள்.

தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வினா புதிதன்று. அன்பின் ஐந்திணையில் தலைமக்களுள் எவரது பெயரும் சுட்டப்பெறலாகாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுக்கிறது. புறத்திணையிலோ பாடப்படுவோன் பெயர் விளங்க நிற்பதே மரபு. அகம், புறம் என்னும் பகுப்பைப் பெயர் சுட்டுதலோடு இணைத்து நோக்கிய மரபு இது. செய்யுள் இலக்கணத்தைச் செய்தி இலக்கணமாகக் கொள்ளுதல் பொருந்தாது எனினும், பெயர் வெளிப்படும் இடத்தில் அகம் புறமாகிவிடுகிறது என்னும் அந்நுட்பம் தனியுரிமை குறித்த இன்றைய விவாதத்திற்குத் துணைசெய்யும்.

1. நடத்தை விதிகளின் தோற்றமும் இயல்பும்

இதழாளர்க்கான நடத்தை விதிகள் பெரிதும் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றவை. அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர் சங்கம் 1923-இல் இதழியல் நெறிகளை வெளியிட்டது. பிரித்தானிய இதழாளர் தேசிய ஒன்றியம் 1936-இல் தன் விதித்தொகுப்பை ஏற்றது. அமெரிக்காவில் ஹட்சின்ஸ் ஆணையம் 1947-இல் அளித்த அறிக்கை, பத்திரிகைச் சுதந்திரத்தையும் சமூகப் பொறுப்பையும் ஒருங்கிணைத்து நோக்கியது. பன்னாட்டு இதழாளர் கூட்டமைப்பு 1954-இல் போர்தோ நகரில் ஏற்ற சாற்றுரை, 2019-இல் தூனிஸ் நகரில் விரிவாக்கம் பெற்றது.

இந்தியாவில் முதல் பத்திரிகை ஆணையம் 1954-இல் அளித்த பரிந்துரையின் வழியே, 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966-இல் பத்திரிகை மன்றம் தோன்றியது. நெருக்கடிநிலைக் காலத்தில் கலைக்கப்பட்ட அம்மன்றம், 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது. இதழாளர்க்கான நடத்தை விதிகளை வகுப்பதை அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு மன்றத்தின் பணிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. விதி மீறிய இதழை எச்சரிக்கவும் கண்டிக்கவும் 14-ஆம் பிரிவு இடந்தருகிறது. தண்டம் விதிக்கவோ இதழை நிறுத்தவோ மன்றத்திற்கு அதிகாரமில்லை.

இவ்வதிகாரக் குறைவு பலராலும் குறைபாடாகச் சுட்டப்படுகிறது. ஆயினும் நடத்தை விதி என்பதன் இயல்பை இதுவே தெளிவாக்குகிறது. சட்டம் அச்சத்தால் நிற்பது. நடத்தை விதி ஏற்பால் நிற்பது. ஏற்பு நிலைக்க வேண்டுமாயின் விதியின் காரணம் விளங்க வேண்டும். காரணம் விளங்காத விதி காலப்போக்கில் வெறும் சடங்காகிவிடும். எனவே விதிகளின் பின்னுள்ள அறக்கோட்பாடுகளைக் கண்டறிதல் ஏட்டளவிலான முயற்சி மட்டுமன்று. விதிகள் உயிரோடிருப்பதற்கே இன்றியமையாதது.

2. அறக்கோட்பாடுகள்

பெயர் மறைப்புச் சிக்கலோடு நேரடித் தொடர்புடைய கோட்பாடுகள் நான்கு.

முதலாவது விளைவுக் கோட்பாடு. ஒரு செயலின் நன்மை தீமையை அதன் விளைவே முடிவு செய்யும் என்பது இதன் சாரம். ஜான் ஸ்டூவர்ட் மில் இதன் முதன்மைச் சிந்தனையாளர்களுள் ஒருவர். பெயரை வெளியிடுவதால் தீமை மிகுமாயின் மறைப்பதும், நன்மை மிகுமாயின் வெளியிடுவதும் இக்கோட்பாட்டின்படி அறமாகும்.

இரண்டாவது கடமைக் கோட்பாடு. மனிதரை வெறும் கருவியாக நடத்தாது, அவர்களைத் தம்மளவிலேயே மதிப்புடையோராகக் கொள்ள வேண்டும் என்று இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். ஒருவரது துயரத்தைப் பிறர்க்குப் பாடமாக்குவதும் அவரது ஒப்புதல் இல்லாதபோது அவரைக் கருவியாக்குவதே. விளைவு நன்றாக அமைந்தாலும் இக்குற்றம் நீங்காது.

கான்ட் பொய்யை எவ்வகையிலும் ஏற்காதவர். அவ்வாறாயின் பெயரை மறைப்பது பொய்யாகாதா என்னும் ஐயம் எழலாம். மறைத்தலும் பொய்த்தலும் வேறு. பெயரைக் கூறாமல் விடுவது மறைத்தல். வேறொரு பெயரை உண்மைப் பெயர்போல் அச்சிடுவது பொய்த்தல். தமிழ் இதழ்கள் கட்டுரையின் இறுதியில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று குறிக்கும் வழக்கம், இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையைக் காப்பதாகும். அக்குறிப்பு இல்லையெனில் மாற்றுப்பெயர் பொய்யாகிவிடும்.

மூன்றாவது நற்பண்புக் கோட்பாடு. அரிஸ்டாட்டில் வழிவந்த இக்கோட்பாடு செயலைவிடச் செய்பவரின் பண்பில் கருத்தூன்றுகிறது. எது சரி என்னும் வினாவுக்கு முன்னதாக, நல்ல இதழாளர் இந்நிலையில் எவ்வாறு நடந்துகொள்வார் என்று அது வினவுகிறது. விதி எட்டாத இடங்களில் இக்கோட்பாடே வழிகாட்டும்.

நான்காவது பரிவுக் கோட்பாடு. கரோல் கில்லிகன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. பொது விதிகளையும் உரிமைகளையும்விட, எளியோர்மீது வலியோர்க்குள்ள உறவுப் பொறுப்பை இது முதன்மைப்படுத்துகிறது. தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோர் செய்தியில் இடம்பெறும்போது இக்கோட்பாடு சிறப்பிடம் பெறுகிறது.

இந்நான்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. திருக்குறளின் வாய்மை அதிகாரம் இதற்குத் தக்க சான்று. பிறர்க்குத் தீமை பயவாத சொல்லையே வாய்மை என வரையறுக்குமிடத்து, அவ்வதிகாரம் உண்மையை விளைவோடு பிணைக்கிறது. நெஞ்சறிந்து பொய் கூறலாகாது என்னுமிடத்தில் உள்ளத்தின் கடமையை வலியுறுத்துகிறது. ஒரே அதிகாரத்துள் இவ்விரு நோக்குகளும் அருகருகே அமைந்துள்ளமை கருதத்தக்கது.

3. நான்கு விதிகளும் நான்கு அடிப்படைகளும்

3.1 பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ படத்தையோ அடையாளந்தரும் பிற குறிப்புகளையோ வெளியிடலாகாது என்பது பத்திரிகை மன்றத்தின் விதி. சட்டமும் இதையே கூறுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-இல் சேர்க்கப்பட்ட 228அ பிரிவு, பெயர் வெளியிடுவோர்க்கு 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

இவ்விதியின் அடிப்படை எது? சமூகம் அப்பெண்ணைப் பழிக்கும் என்பது ஒரு விடை. இது விளைவு நோக்கிய விடை. அவரது வாழ்வின் ஒரு பகுதி அவர்க்கே உரியது. அதைப் பொதுவில் வைக்கும் உரிமை பிறர்க்கில்லை என்பது மற்றொரு விடை. இது கடமை நோக்கியது. முதல் விடையை மட்டும் கொண்டால், பழிக்கும் சமூகத்தின் மனநிலையை விதியே ஏற்றுக்கொண்டதாகும். பழிச்சொல் மறையும் காலத்தில் விதியும் தேவையற்றதாகிவிடும். இரண்டாம் விடையைக் கொண்டால், விதி அப்பெண்ணின் தன்னுரிமையில் நிலைபெறும். சட்டம் அவரது எழுத்துவழி ஒப்புதல் இருப்பின் பெயரை வெளியிட இடந்தருவது, இரண்டாம் அடிப்படையைச் சட்டமே ஏற்றுள்ளதைக் காட்டுகிறது.

3.2 சிறார்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயரோடு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வாழும் பகுதி ஆகியவற்றையும் வெளியிடத் தடைவிதிக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்ட சிறாருக்கும் இக்காப்பை நீட்டிக்கிறது. இங்குத் தனியர் ஒப்புதலுக்கு இடமில்லை. குழந்தையின் நலன் கருதிச் சிறப்பு நீதிமன்றமே விலக்களிக்க இயலும். ஒப்புதல் தரும் முதிர்ச்சி பெறாதவரின் எதிர்காலத்தைப் பிறர் காத்து நிற்கும் நிலை இது. ஆகவே இவ்விதியின் அடிப்படை பரிவுக் கோட்பாடு. சம்மு காஷ்மீரின் கத்துவாவில் 2018-இல் கொல்லப்பட்ட 8 வயதுச் சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ரூ.10 லட்சம் செலுத்துமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீதி கோரும் நல்ல நோக்கத்தோடுதான் பலர் அப்பெயரைப் பரப்பினர். நோக்கம் நன்றாயினும் காப்புப் பொறுப்பு நீங்குவதில்லை என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

3.3 சமயமும் சாதியும்

சமயக் கலவரச் சூழலில் இறந்தோர் எண்ணிக்கையைச் சமயவாரியாகத் தருவதையும் உணர்ச்சியைத் தூண்டும் நடையையும் தவிர்க்குமாறு பத்திரிகை மன்றம் அறிவுறுத்துகிறது. ஒருவரின் சாதியைக் குறிப்பதையும், குறிப்பாக இழிவு தோன்றும் சூழலில், பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கலவரச் செய்தியில் மறைக்கப்படுவது தனியொருவரின் அந்தரங்கமன்று. பழிக்குப்பழி பரவாதிருத்தலே நோக்கம். இது முற்றிலும் விளைவுக் கோட்பாட்டைச் சார்ந்த விதி. விளைவு மாறுமிடத்தில் விதியும் மாறவேண்டும் என்பது இதன் உட்கிடை.

3.4 செய்தி மூலங்கள்

நம்பிக்கையின் பேரில் செய்தி தந்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது விதி. செய்தி மூலத்தை வெளிப்படுத்துமாறு இதழாளரைப் பத்திரிகை மன்றம் கட்டாயப்படுத்த இயலாது என்று 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே கூறுகிறது. இதன் அடிப்படை வாக்குறுதி. கொடுத்த வாக்கைக் காத்தல் கடமைக் கோட்பாட்டில் தலையாயது. வாக்கைத் தொடர்ந்து காத்துவரும் இதழாளரையே மக்கள் நம்பிச் செய்தி தருவர் என்பதால் நற்பண்புக் கோட்பாடும் இதற்குத் துணைநிற்கிறது. மூன்றாம் விதி சூழலைப் பொறுத்துத் தளரக்கூடியது. நான்காம் விதியோ செய்தி தந்தவர் இசைந்தாலன்றித் தளர்த்தற்கரியது.

4. விதிகள் மோதும் இடங்கள்

4.1 அரசு ஆவணத்தில் வெளியான பெயர்

பெயர் ஏற்கெனவே பொது ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டால் இதழ் அதை வெளியிடலாமா? 1994-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் இதற்கு விடையளித்தது. தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கு அது. பொது ஆவணத்தில் உள்ளவற்றை வெளியிடத் தனியுரிமை தடையாகாது என்று கூறிய நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை, கடத்தல் முதலியவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் அதற்கு விலக்கு என வரையறுத்தது. இதழின் உரிமையை விரிவாக்கிய தீர்ப்பே அவ்வுரிமைக்கு எல்லையும் வகுத்தமை குறிப்பிடத்தக்கது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு மாறான நிலையை எடுத்தது. நீதிமன்றப் பொது ஆவணத்திலிருந்து பெறப்பட்ட பெயரை வெளியிட்டமைக்குத் தண்டனை கூடாது என 1975-இல் காக்ஸ் வழக்கில் கூறியது. 1989-இல் ஃபுளோரிடா ஸ்டார் வழக்கில், காவல்துறை தன் செய்தியாளர் அறையில் வைத்திருந்த அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட பெயருக்கும் இக்கொள்கை விரிந்தது. அவ்வழக்கில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடலாகாது என்பது அந்நாளிதழின் சொந்த விதியாகவே இருந்தது. சட்டத்தின் முன் இதழ் வென்றது; தன் விதியின் முன் தோற்றது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தமிழகத்தில் இவ்வினா அண்மையில் இருமுறை எழுந்தது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய 2019-ஆம் ஆண்டு அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் இடம்பெற்றது. அவருக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்த வன்கொடுமை தொடர்பான முதல் தகவல் அறிக்கை, மாணவியின் விவரங்களோடு இணையத்தில் வெளியானது. அதிலும் ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய முதல் தகவல் அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்கலாகாது என நிபுண் சக்சேனா வழக்கில் 2018-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

இவ்விரு நிகழ்விலும் பெயரை முதலில் கசியவிட்டது அரசுத்தரப்பு. அந்நிலையில் இதழாளரின் கடமை இருமடங்காகிறது. ஆவணம் கசிந்தது செய்தி. ஆவணத்திலுள்ள பெயர் செய்தியன்று. முன்னதை வெளியிடுவது அரசைக் கேள்விக்குட்படுத்தும் பணி. பின்னதை வெளியிடுவது அரசு செய்த அதே தவற்றை மீண்டும் செய்வது. 'ஏற்கெனவே எல்லார்க்கும் தெரிந்ததுதானே' என்னும் வாதம் விளைவுக் கோட்பாட்டின் மேற்போக்கான பயன்பாடு. ஒவ்வொரு மறுவெளியீடும் அவரை மீண்டும் கருவியாக்குகிறது என்பதே கடமைக் கோட்பாடு தரும் மறுமொழி.

4.2 தன் பெயரைத் தானே கூற விரும்புவோர்

பாதிக்கப்பட்டவரே தம் பெயரோடு பேச விரும்பினால் நிலை மாறுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெளிவரும் டெ மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழ் 1990-இல் ஒரு பெண்ணின் முழு ஒப்புதலோடு அவரது பெயரையும் படத்தையும் வெளியிட்டு, அவர் எதிர்கொண்ட வன்கொடுமையையும் நீதிமன்ற அனுபவத்தையும் தொடராக எழுதியது. 1991-இல் அத்தொடருக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பெயர் மறைப்பே குற்றத்தின் வெட்கத்தைப் பாதிக்கப்பட்டவர்மேல் ஏற்றுகிறது என்னும் வாதம் அப்போது வலுப்பெற்றது.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுத் தில்லி நிகழ்வில் உயிரிழந்த பெண்ணின் தாய், தம் மகளின் பெயரைச் சொல்வதில் வெட்கமில்லை என 2015-இல் பொதுமேடையில் அறிவித்தார். எனினும் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இறந்தவரின் பெயரை நெருங்கிய உறவினர் இசைந்தாலும் வெளியிடலாகாது எனவும், தேவை ஏற்படின் அமர்வு நீதிபதியே முடிவுசெய்ய வேண்டும் எனவும் கூறியது. உயிரோடிருப்பவரின் ஒப்புதல் தன்னுரிமை. இறந்தவர்க்காக உறவினர் தரும் ஒப்புதல் வேறுவகையது என்னும் வேறுபாட்டின்மேல் இத்தீர்ப்பு அமைகிறது. விதியின் அடிப்படை தன்னுரிமையே என்று கொண்டால், ஒப்புதல் தந்தவரின் பெயரையும் வலிந்து மறைப்பது காப்பாகாது. அவரது குரலை அடக்குவதாகும். அதே வேளையில் செய்தியாளரின் ஆர்வத்தால் அதிர்ச்சி நிலையில் பெறப்பட்ட ஒப்புதல் உண்மையான ஒப்புதலாகாது. காலம் கொடுத்து, பின்விளைவை விளக்கி, மனமாற்றத்திற்கு இடமளித்துப் பெறுவதே ஒப்புதல். இவ்விடத்தில் விதியைவிட இதழாளரின் நற்பண்பே தீர்மானிக்கிறது.

4.3 மறைப்பே பொய்யாகும் இடம்

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவர்க்கென ஒதுக்கப்பட்டது. அதன்வழித் தேர்வு பெற்ற தலைவரும் அவருடன் சென்றோரும் 1997-இல் கொல்லப்பட்டனர். சாதியைக் குறிக்காமல் இந்நிகழ்வை எழுத இயலுமா? 'முன்விரோதம்', 'இரு தரப்பினர் மோதல்' ஆகிய வழக்கமான தொடர்களால் எழுதலாம். ஆயின் கொலைக்கான காரணமே செய்தியிலிருந்து நீங்கிவிடும். ஒடுக்கியவரும் ஒடுக்கப்பட்டவரும் 'இரு தரப்பினர்' என்னும் சமநிலைச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டதன் நோக்கம் இத்தகைய குற்றத்தின் சாதித் தன்மையை அடையாளங்காண்பதே. சட்டம் காணும் உண்மையைச் செய்தி மறைப்பது நடுநிலையாகாது.

கலவரச் சூட்டில் சமூகப் பெயரைத் தவிர்க்கும் விதி விளைவைச் சார்ந்தது என மேலே கண்டோம். மறைப்பதன் விளைவு அநீதியைக் காப்பதாக மாறுமிடத்தில் அவ்விதி தன் அடிப்படையை இழக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர் மறைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உணராத இதழாளர், இரண்டையும் 'பெயர் போடக்கூடாது' என்னும் ஒற்றை விதியாகக் கொண்டு, வன்கொடுமைக்கு உள்ளானோரின் வரலாற்றையே மறைத்துவிடுகிறார்.

5. தமிழ்ச் செய்திநடையும் அடையாளமும்

பெயரை நீக்கியதோடு அடையாளம் மறைந்துவிடுவதில்லை. நெடுநல்வாடை தலைவன் பெயரைக் கூறவில்லை. எனினும் பாண்டியர்க்குரிய வேப்பந்தழை அணிந்த வேல் சுட்டப்பட்டதால் அப்பாட்டு அகத்தின் நீங்கிப் புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஒரு பூ ஒரு பெயருக்கு ஈடாயிற்று. இன்றைய செய்தியில் ஊர்ப்பெயர், தெரு, தந்தையின் தொழில், கல்லூரியின் பெயர், பயிலும் ஆண்டு ஆகியன அப்பூவின் பணியைச் செய்கின்றன. சிற்றூர் ஒன்றின் பெயரோடு 'அங்குத் தேநீர்க்கடை நடத்துபவரின் இளைய மகள்' என்று எழுதினால் ஊரார்க்குப் பெயர் தேவையில்லை. அவரை அறியாத தொலைவிடத்து வாசகரிடமிருந்து மறைத்து, அவரை அறிந்த அண்டை அயலாரிடம் காட்டிக்கொடுப்பதாக அத்தொடர் முடிகிறது. அகப்பாடல்கள் கூறும் அலரும் ஊர்வாயில்தான் பிறந்தது. ஆகவே மறைப்பின் அளவுகோல், தொலைவிலுள்ள வாசகருக்குத் தெரியுமா என்பதன்று. அண்டைவீட்டாருக்குத் தெரியுமா என்பதே.

சொற்றேர்வும் அறத்தின்பாற்பட்டது. 'கற்பழிப்பு' என்னும் சொல் குற்றத்தைக் குற்றவாளியின் செயலாகக் காட்டாமல், பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்ததாகக் காட்டுகிறது. 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் செயலையும் அதன் கொடுமையையும் சுட்டுகிறது. 'அழகி கைது' என்னும் தலைப்பும் 'கள்ளக்காதல்' என்னும் வழக்கும் விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு எழுதுவன. பெயரை மறைத்து இத்தகைய சொற்களை வைப்பது, ஒரு கையால் காத்து மறு கையால் இழிவுபடுத்துவதாகும்.

வினைமுற்று விகுதியும் இவ்வாறே. 'கைது செய்யப்பட்டான்' என்பதற்கும் 'கைது செய்யப்பட்டார்' என்பதற்கும் இடையே தமிழில் பெரும் வேறுபாடுண்டு. ஆங்கிலப் படர்க்கை வினையில் இவ்வேறுபாடு இல்லை. பன்னாட்டு விதித்தொகுப்புகளும் பத்திரிகை மன்ற விதிகளும் ஆங்கிலத்தில் உருவானமையால் இவ்விகுதி பற்றி அவை எதுவும் கூறவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவராகக் கருதப்பட வேண்டும் என்பது சட்டநெறி. ஒருமை விகுதியோ தீர்ப்புக்கு முன்பே அவரைத் தாழ்த்திவிடுகிறது. பணமும் பதவியும் உடைய குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு 'ஆர்' விகுதியும், எளியவர்க்கு 'ஆன்' விகுதியும் அமையுமாயின், அங்கு இலக்கணம் வழியாகவே சமமின்மை நுழைகிறது. தமிழ் இதழ்களுக்கெனத் தனி நடைக்கையேடு வகுக்கப்படுமாயின், அதன் முதல் இயல்களுள் ஒன்று இவ்விகுதி பற்றியதாக அமைதல் வேண்டும்.

6. முடிவெடுக்கும் முறை

கடமைகள் பல ஒருங்கே நின்று மோதும்போது எது வலியது என்பதைச் சூழலறிந்து முடிவுசெய்ய வேண்டும் என்பது டபிள்யூ.டி.ராஸ் 1930-இல் முன்வைத்த கருத்து. இதனைச் செயல்முறையாக்க, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பாட்டர் வகுத்த நான்கு படிகள் ஊடக அறக்கல்வியில் பயன்பட்டுவருகின்றன: நிகழ்வை வரையறுத்தல், மதிப்பீடுகளை இனங்காணல், கோட்பாட்டைத் தெரிதல், யார்மீது பற்றுறுதி என உறுதிசெய்தல்.

கசிந்த முதல் தகவல் அறிக்கை ஒரு செய்தியாளரின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்ததாகக் கொள்வோம். ஆவணம் உண்மையானது, சட்டத்திற்கு மாறாகக் கசிந்தது என்பது நிகழ்வு. உண்மை, தனியுரிமை, அரசின் பொறுப்பு ஆகியன மதிப்பீடுகள். பாதிக்கப்பட்டவரைக் கருவியாக்கலாகாது என்பது கோட்பாடு. வாசகர், மாணவி, நிறுவனம் ஆகிய மூவருள் முதன்மைப் பற்றுறுதி மாணவிக்கே உரியது. ஏனெனில் மூவருள் இழப்பை ஈடுசெய்ய இயலாதவர் அவரே. இவ்வழிச் சென்றால் கசிவைப் பற்றி எழுதுதல், அறிக்கையைப் பகிராமை, அதிலுள்ள வருணனைகளை எடுத்தாளாமை என்னும் மூன்று முடிவுகளும் ஒருங்கே கிடைக்கின்றன. 'பெயர் போடக்கூடாது' என்னும் வெற்றுவிதி இவற்றுள் ஒன்றையே தந்திருக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பெயர் மறைப்பு ஒரே விதியன்று. வன்கொடுமைக்கு ஆளானோர்க்குத் தன்னுரிமையும், சிறார்க்குப் பரிவும், கலவரச் செய்திக்கு விளைவும், செய்தி மூலத்திற்கு வாக்குறுதியும் அடிப்படைகளாகும்.

2. அடிப்படை மாறுபடுவதால் விலக்கும் மாறுபடும். முதலாவது ஒப்புதலால் தளரும். இரண்டாவது குழந்தையின் நலன் கருதி நீதிமன்றத்தால் மட்டுமே தளரும். மூன்றாவது மறைப்பு அநீதிக்குத் துணையாகுமிடத்தில் தளர்ந்தாக வேண்டும். நான்காவது செய்தி தந்தவர் இசைந்தாலன்றித் தளராது.

3. பொது ஆவணத்தில் இடம்பெற்றமை மட்டுமே பெயர் வெளியீட்டுக்குப் போதிய காரணமாகாது.

4. தமிழில் அடையாளம் பெயரோடு முடிவதில்லை. இடச்சுட்டு, உறவுச்சொல், சொற்றேர்வு, வினைமுற்று விகுதி ஆகியவற்றையும் நடத்தை விதிகள் உள்ளடக்க வேண்டும்.

பெயரை எங்குக் கூறுவது, எங்குக் கூறாது விடுவது என்பதைத் தமிழ் மரபு செய்யுளுக்கு நெடுங்காலத்திற்கு முன்பே வரையறுத்தது. செய்திக்கு அவ்வரையறையை வகுக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. ஆங்கில விதிகளின் மொழிபெயர்ப்பாக அமையாது, தமிழ்த் தொடரமைப்பை அறிந்த நடைக்கையேடாக அது அமைய வேண்டும். தமிழ்த்துறைகளும் இதழியல் துறைகளும் இணைந்து ஆற்றத்தக்க பணி இது.